சட்ட நிறுவனத் தேர்வு: நிறையப் பேசினால் வேலை கிடைத்துவிடுமா?

ஜொகூர் பாருவில் சட்டம் படிக்கிறீங்களா? 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டப்படி, வழக்கறிஞராவதற்கு 9 மாதம் சேம்பரிங் செய்யணும். பெரிய நிறுவனம் என்றால், நேர்காணலோடு குழுப் பயிற்சியும் இருக்கலாம்.

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கலாமா என்பது போன்ற கேள்விக்கு, அரை மணி நேரத்தில் சேர்ந்து முடிவு சொல்லணும். மதிப்பீட்டாளர்கள் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள்.

பலர் சறுக்குவது, பக்கத்தில் இருப்பவரை எதிரியாக நினைப்பதில்தான். குழுவில் எல்லாருமே தேர்வாகலாம். ஒருவருமே தேர்வாகாமலும் போகலாம். அமைதியாக இருப்பவரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்க. சும்மா நடிப்புக்குக் கேட்டால் தெரிந்துவிடும். அவர் சொன்னதை முடிவில் சேர்க்கணும்.

பழகிப் பார்க்க மாமாக் கடையில் நாலு நண்பர்கள், ஒரு வணிகச் செய்தி, போனில் டைமர் போதும். கடைசி ஐந்து நிமிடத்தை முடிவுக்கு ஒதுக்குங்க.