ஒரே அலமாரி, எத்தனை மாயாவிகள்?

பழைய காமிக்ஸ் நாயகர்கள் கெட்டி அட்டைத் தொகுப்புகளாகத் திரும்பி வந்துவிட்டார்கள். இடமும் பணமும் இழுபறியான மும்பைத் தமிழ் வீட்டில் யாருக்கு இடம் கொடுப்பது?

விக்ரோலியில் எந்தப் பேச்சும் கடைசியில் சதுர அடியில்தான் வந்து நிற்கும். ரயில் பாதைக்குக் கிழக்கே தாகூர் நகர், கண்ணம்வார் நகர். மேற்கே பார்க் சைட், சூர்யா நகர். கோத்ரெஜ் ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த தொழில்களும் பல மாநிலத்துக் குடும்பங்களை இங்கே இழுத்துவந்தன. அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஒரு ரூமும் கிச்சனுமாக வாழ்ந்த வீட்டில் பரண்தான் சொத்து வைக்கும் இடம். ரஜாய், பண்டிகைப் பாத்திரம், அவற்றுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஊரிலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வாங்கி வந்த காமிக்ஸ்.

கண்ணம்வார் நகரின் பழைய மாடா கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. வீட்டைக் காலி செய்யும் நாளில் பெட்டி கீழே இறங்குகிறது. உள்ளே கால்வாசி துருப்பிடித்த பின், கால்வாசி பூச்சி, மீதி மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள். ரத்திக்காரர் எடை போட்டுத்தான் விலை சொல்வார். மாயாவி என்றும் ஸ்பைடர் என்றும் அவருக்குப் பேதம் இல்லை.

பறிகொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்ற ஆசை அப்போதுதான் பிறக்கிறது. ஐம்பதைத் தொடும் அப்பாவுக்கு அதில் இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ் எழுத்தை அவர் கூட்டிப் படித்ததே இந்தப் படக் கதைகளில்தான். வீட்டில் தமிழ் பேசும் மகள் பள்ளியில் படிப்பதோ ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். வாங்கும் தொகுப்பு அவருடைய நினைவுக்கா, அவளுடைய தமிழுக்கா? இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் பணம்தான் வீண்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் மாயாவி ஒருவரல்ல. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972-ல் தன் முதல் இதழாக வெளியிட்டது 'இரும்புக்கை மாயாவி'. அவர் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் பிறந்த லூயிஸ் கிராண்டல். மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் தெரியும் ஆசாமி. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்று அழைத்ததோ 1936-ல் அமெரிக்காவின் லீ ஃபாக் படைத்த முகமூடி வீரரை. அதே வீரர் முத்து, லயன் வாசகர்களுக்கு 'வேதாளர்'. பெயரை நம்பி வாங்கினால் வேறு ஆள் வீட்டுக்கு வந்து சேர்வார்.

ஸ்பைடரும் அப்படித்தான். லயன் காமிக்ஸ் 1984-ல் தொடங்கிய சில மாதங்களிலேயே வந்து தமிழ்ச் சிறுவர்களைக் கட்டிப்போட்ட இந்தக் கூர்க்காது மனிதருக்கும் அமெரிக்க 'ஸ்பைடர்மேனு'க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகக் கிளம்பி, பின்னர் குற்றவாளிகளையே வேட்டையாடியவர் இவர். இவரது கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-ல் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். சூப்பர் ஹீரோ வம்சத்தின் மூலவர் எழுத்தைச் சிவகாசி மலிவுத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தது என்பது பல வாசகர்களுக்கு அன்று தெரியாது.

அடுத்த கேள்வி, மூலமா, தமிழா? மாயாவி, ஸ்பைடர் இருவரின் உரிமையும் 2018-ல் பிரிட்டனின் ரெபெலியன் நிறுவனத்திடம் வந்தது. 2021-ல் இருவரின் ஆரம்பக் கதைகளும் ஆங்கிலத்தில் தொகுப்புகளாயின. ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்த மாயாவியின் நிழலும் வெளிச்சமும் பெரிய பக்கத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க அதுவே நல்ல வழி. தமிழின் கையடக்கப் பதிப்புகளில் பக்க அளவுக்காகக் கட்டங்கள் வெட்டி அடுக்கப்பட்டன. ஆனால் ஓர் எச்சரிக்கை. மாயாவி கதைகள் வாரத் தொடராக மட்டுமன்றி, 1967 முதல் தனிப் புத்தகங்களாகவும் வந்தன. மனதில் நிற்கும் கதை கையில் இருக்கும் தொகுப்பில் இல்லாமல் போகலாம். அட்டையைப் பார்ப்பதற்கு முன் பொருளடக்கத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

வேதாளருக்கு மும்பையோடு தனி உறவு. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்நகரிலிருந்து 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் முதல் நாயகர் அவரே. 1990-ல் இதழ் நின்றது. அந்தப் பதிப்பில் அவரது நாடு 'டெங்காலி' ஆனது. சிங் கொள்ளையர்கள் 'சிங்கா' ஆனார்கள். இந்தியர் மனம் நோகாதிருக்க செய்த மாற்றங்கள். அமெரிக்காவின் ஹெர்மிஸ் பிரஸ் 2010 முதல் தொகுக்கும் நாளிதழ்த் தொடரில் கதை முழுசாக இருக்கிறது, வண்ணம் இல்லை. இந்திரஜாலில் வண்ணம் இருந்தது, கதைதான் பக்கத்துக்கேற்பச் சுருங்கியது. முழுமை வேண்டுமா, சின்ன வயது வேண்டுமா என்பதை வாங்குபவர்தான் சொல்ல வேண்டும்.

தமிழில் பெரிய தொகுப்புக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்பதைச் சிவகாசி நிரூபித்துவிட்டது. லயன் 2010-ல் 'இரத்தப் படலம்' தொடரின் 18 பாகங்களைக் கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாக்கியது. 2015-ல் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' வண்ணத்தில் தொகுப்பானது. வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் என்ற எழுபதுகளின் நால்வரும் பின்னர் கெட்டி அட்டைக்குள் வந்தார்கள். ஆசிரியர் எஸ். விஜயனின் இப்பதிப்புகள் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன. முன்பதிவை விட்டால் பிறகு பழைய புத்தகக்காரர் சொன்னதுதான் விலை. ராணி காமிக்ஸ் கதை வேறு. 1984 முதல் 2005 வரை 500 இதழ்கள் வந்தும், பழைய பிரதிகளைத் தேடி அலைவதுதான் வழி.

அமெரிக்க நாயகர்களுக்கு வகை அதிகம், குழப்பமும் அதிகம். மார்வெலின் 'மாஸ்டர்வொர்க்ஸ்' 1987-ல், டிசியின் 'ஆர்க்கைவ்ஸ்' 1989-ல் தொடங்கின. வண்ணம், கெட்டி அட்டை, ஒரு புத்தகத்துக்குப் பத்து இதழ்கள் போல. 1996-ல் வந்த 'எசென்ஷியல்' வரிசை மலிவுத் தாளில், கறுப்பு வெள்ளையில், ஒரே புத்தகத்தில் இருபது இதழ்களுக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. 'ஆம்னிபஸ்' தலையணை கனம். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மின்சார ரயிலில் விரிக்கவும் முடியாது. 2013-ல் தொடங்கிய 'எபிக் கலெக்ஷன்' சாதா அட்டை, கைக்கு அடக்கம். அவை வரிசைப்படி வெளிவருவதில்லை. முதுகில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மும்பைக்கென்று ஒரு விதியும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும். பின் அடித்த புத்தகம் துருப்பிடிக்கும். பசை மட்டும் போட்ட தடிப் புத்தகம் பிளக்கும். நூலால் தைத்த கட்டு நிற்கும். பளபளக்கும் ஆர்ட் தாள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். அதனால் சுவரை ஒட்டிய அலமாரி கூடாது, பரண் கூடவே கூடாது.

விக்ரோலியிலிருந்து ஸ்லோ ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது இப்போதும் நல்ல பழக்கம். ஆங்கிலப் புத்தகத்தில் பிளாஸ்கோவின் கோடு கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தில் மகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் சத்தம் கிடைக்கும். ஓவியம் எந்த வயதிலும் காத்திருக்கும். எழுத்துக் கூட்டும் வயது காத்திருக்காது. ஒன்றுக்குத்தான் காசு என்றால், சிவகாசிப் புத்தகத்தையே முதலில் வாங்கலாம். இந்த முறை அது பரணுக்குப் போகாமல், அவள் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும்.