குனிந்தாலும் நழுவாத எட்டு கஜம்

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரித் தண்ணீர் பாயும் அந்த வயல்களில் நடவுக்கு இறங்கும் பெண் ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து நிமிர்கிறாள் என்று எண்ணத் தொடங்கினால், பாதியிலேயே கணக்கு விட்டுப்போகும். கணுக்காலுக்கு மேல் சேறு. இரண்டு கையிலும் நாற்று. நழுவுகிற சேலையைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

ஊக்கும் வேண்டாம், நாடாவும் வேண்டாம் என்று இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்த கட்டு ஒன்று உண்டு. பின்கொசுவம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களிலும் வயதான பாட்டிகளின் உடம்பில் அதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்புக்குப் பின்னால் சின்ன விசிறி விரித்ததுபோல் மடிப்புகள் தெரியுமே, அதுதான்.

ஏன் பின்னால்? நின்றபடி முதுகில் கையை வைத்துக்கொண்டு மெல்லக் குனியுங்கள். முன்பக்கம் சுருங்குகிறது, பின்பக்கம் நீள்கிறது. கூடுதல் துணி தேவைப்படுவது பின்னால்தான். கொசுவமும் அங்கேதான் இருக்கிறது. குனியும்போது விரிகிறது, நிமிர்ந்தால் மடிந்துகொள்கிறது. முன்கொசுவமாக இருந்தால் அத்தனை துணியும் சேற்றில் தொங்கும்.

சரி, எது அதைப் பிடித்து நிறுத்துகிறது? கட்டுத்தறியைப் பாருங்கள். முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றைத் தறியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால், மறுநுனியை ஒரு சிறுவன் பிடித்தாலே போதும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதற்குச் சூத்திரமே எழுதினார். இதைச் 'சுற்றுப்பிடி' என்று சொல்லலாம்: சுற்று கூடக் கூட, உராய்வின் பிடி கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும். துணிமேல் துணி உரசும் உராய்வு எண்ணை 0.3 என்று வைத்துக்கொள்வோம். நுனியில் 1 கிலோ அளவு பிடிமானம் இருந்தால், ஒரு சுற்று சுமார் 6.5 கிலோ இழுப்பைத் தாங்கும். இரண்டு சுற்று 40 கிலோவைத் தாண்டிவிடும்!

பின்கொசுவக்காரி செய்வதும் இதைத்தான். சேலையின் ஒரு முனையைக் கையகல மடிப்புகளாக அடுக்கிப் பின்இடுப்பில் வைக்கிறாள். மீதியை உடம்பைச் சுற்றி இழுத்து மடிப்புகளை அழுத்துகிறாள். முந்தானை மார்பைக் கடந்து தோளேறி, திரும்பி வந்து இடுப்பில் செருகப்படுகிறது. அந்தச் செருகல்தான் சிறுவன் பிடித்த கயிற்று நுனி. வியர்வையில் நனைந்த பருத்தி இன்னும் இறுக்கமாக ஒட்டும். இடுப்புச் செருகலில் சுருக்குப்பை, முந்தானை முடிச்சில் காசு, மடியில் பறித்த கீரை. பையில்லாத உடையில் மூன்று பை.

இதற்கெல்லாம் துணி வேண்டும். பன்னிரண்டு மடிப்புக்கு, மடிப்புக்கு 20 சென்டிமீட்டர் என்றால் 2.4 மீட்டர். இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்ற 2 மீட்டர். தோளுக்கும் செருகலுக்கும் இரண்டரை. ஏழு மீட்டரை நெருங்கிவிட்டோம். பழைய எட்டு கஜச் சேலையின் நீளம் 7.3 மீட்டர்!

அந்தச் சேலைக்கு என்ன ஆயிற்று? 1860களில் பம்பாயில் இருந்த ஞானதானந்தினி தேவி, தாகூர் குடும்பத்து மருமகள், ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்துச் சேலை கட்டும் பாணியைப் பரப்பினார். உள்பாவாடை வந்ததும் சுற்றுப்பிடியின் வேலையை நாடா எடுத்துக்கொண்டது. சுற்று குறைந்தது, நீளம் குறைந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தரை மீட்டர். அதில் பின்கொசுவம் வைக்க முயன்றால், தோளேறிய முந்தானை திரும்பி வந்து இடுப்பில் செருக எட்டாது. பாட்டியிடம் பேத்தி கட்டக் கற்றுக்கொண்டாலும் துணி ஒத்துழைக்காது. ரசனை மாறியதுதான் காரணம் என்பார்கள். நான் அளவுகோலையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவேன்.

இந்தக் கட்டுகளைப் பொறுமையாகப் பதிவுசெய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குச் சிரிப்பூட்டலாம். மானுடவியலாளர் ஷாந்தால் புலான்ஜே, இந்தியாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சேலைக்கட்டுகளைப் படிப்படியாகப் படம்போட்டு விளக்கி 1997இல் புத்தகமாக்கினார். தமிழ்க் கட்டுகளுக்கு அதில் தனி இடம் உண்டு.

நடவு வயலில் இன்று தெரிவது வேறு காட்சி. முன்கொசுவச் சேலை, அதன்மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. குனிவதற்கு முன்னால் கொசுவத்தை முழங்கால்வரை தூக்கி இடுப்பில் செருகுகிறார்கள். நாலு வரிசை நட்டதும் அது அவிழ்ந்து விழுகிறது. சேற்றுக் கையோடு மறுபடியும் செருகுகிறார்கள்.