வானில் ஒரு ராமானுஜன்

நம் தெருவுக்குப் பெயர் உண்டு. ஊர்க் குளத்துக்கும் பெயர் உண்டு. வானத்தில் சுற்றும் ஒரு பாறைக்குப் பெயர் உண்டா? உண்டு. அப்படி ஒரு பாறையின் பெயர் ராமானுஜன். நம் கணித மேதையின் பெயர்தான் அது.

சிறுகோள் என்றால் என்ன?

பூமி சூரியனைச் சுற்றுகிறது. செவ்வாயும் வியாழனும் அப்படியே சுற்றுகின்றன. இந்த இரண்டின் பாதைகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. அவையே சிறுகோள்கள்.

சென்னையில் தொடங்கிய வேலை

சென்னை நுங்கம்பாக்கத்தில் முன்பு ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. அங்கே 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. ஆகவே அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார்.

சூரியனிலிருந்து பூமி சுமார் 15 கோடி கி.மீ. தூரத்தில் உள்ளது. ஆசியா சுமார் 36 கோடி கி.மீ. தூரத்தில் உள்ளது. பூமி ஓர் ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. ஆசியாவுக்கு ஏறக்குறைய 3 ஆண்டு 9 மாதம் ஆகிறது.

போக்சன் சென்னையிலிருந்து ஐந்து சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். கடைசியாகக் கண்டது 1885இல். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவிலிருந்து யாரும் புதிய சிறுகோளைக் கண்டுபிடிக்கவில்லை.

காவலூரில் கிடைத்த புள்ளி

அந்தச் சென்னைக் கூடத்தின் வழிவந்ததுதான் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். இதன் பெரிய தொலைநோக்கிகள் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் இருக்கின்றன. சிறுகோள்களைத் தேட இந்த நிறுவனம் 1987இல் 'கல்கி' என்ற திட்டத்தைத் தொடங்கியது.

எப்படித் தேடுவார்கள்? வானத்தின் ஒரே பகுதியை விட்டுவிட்டுப் படம் எடுப்பார்கள். ஒரு தெருவை இரண்டு முறை படம் எடுத்தால் வீடுகள் அதே இடத்தில் இருக்கும். நடந்து போகும் மாடு மட்டும் இடம் மாறி இருக்கும். வானப் படத்திலும் அப்படித்தான். நட்சத்திரங்கள் இடம் மாறுவதில்லை. சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும்.

1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் என்ற விஞ்ஞானி அப்படி ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார்.

உடனே பெயர் வைக்கலாமா?

முடியாது. முதலில் ஒரு தற்காலிகக் குறி மட்டுமே கொடுப்பார்கள். இதற்குக் கிடைத்த குறி '1988 டி.க்யூ.1'. 'டி' என்றால் பிப்ரவரியின் பிற்பாதி.

பிறகு அதன் பாதையைக் கணக்கிட வேண்டும். பஸ் போகும் வழியும் வேகமும் தெரிந்தால், அது எப்போது நம் ஊருக்கு வரும் என்று சொல்லிவிடலாம். சிறுகோளும் அப்படித்தான். பல இரவுகள் பார்த்து, அது இருந்த இடங்களைக் குறித்துக் கணக்குப் போடுவார்கள். கணக்குச் சரியாக வராவிட்டால், கண்டுபிடித்த சிறுகோளும் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

பாதை உறுதியான பிறகே நிலையான எண் கிடைக்கும். இதன் எண் 4130. அதன்பின் கண்டுபிடித்தவர் ஒரு பெயரைச் சொல்லலாம். அதை ஏற்பது சர்வதேச வானியல் சங்கம். இன்று எண் பெற்ற சிறுகோள்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். பெயர் பெற்றவை மிகச் சில.

இந்தப் பெயரைக் காசு கொடுத்து வாங்க முடியாது. "பணம் கட்டுங்கள், நட்சத்திரத்துக்கு உங்கள் பெயர் வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பெயரை வானியல் சங்கம் ஏற்பதில்லை.

ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். கணக்கு அவரை இங்கிலாந்து வரை கொண்டு சென்றது. 1920இல் 32 வயதில் இறந்தார். வெறும் கண்ணுக்கு அந்தச் சிறுகோள் தெரியாது. ஆனால் அது எந்த நாளில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். கணித மேதையின் பெயர் அதற்குப் பொருத்தம்தானே?