மாலைச் செய்திக்கு ஒரு நூலகம்
வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், நாஷ்வில், அமெரிக்கா

மாலைச் செய்தி நாடாக்களை ஒளிபரப்பு நிறுவனங்கள் சுமார் இரண்டே வாரத்தில் அழித்துவிடுகின்றன என்று 1968-இல் அறிந்து திடுக்கிட்டார், காப்பீட்டுத் துறைக்காரரான பால் சிம்ப்சன். பழைய நாளிதழைக்கூட நூலகங்கள் பத்திரப்படுத்துகின்றனவே! அவர் முயற்சியால் அவ்வாண்டு ஆகஸ்ட் 5 முதல் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மாலைச் செய்திகள் இங்கே பதிவாயின. தொடக்கத்தில் கறுப்பு வெள்ளையில்.

பதிவான படத்தின் மேலே பொறித்திருப்பதைப் பாருங்கள்: நிறுவனம், தேதி, ஓடும் நேரம். இடையில் வெட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். நாடாவை ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு செய்திக்கும் சுருக்கம் எழுதியவர்களின் உழைப்பு கண்ணில் படாதது. ஆனால் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது அந்தச் சுருக்கத்தைத்தான்.

1973-இல் இந்தப் பதிவுகளை எதிர்த்து சிபிஎஸ் வழக்குத் தொடுத்தது. செய்தி ஒளிபரப்பை நூலகங்கள் பதிவுசெய்ய 1976-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடமளித்ததும், வழக்கு முடிவுக்கு வந்தது.