மாங்காய் தின்றதற்கு மரண தண்டனை! மயானத்தில் படுத்திருக்கும் மாசாணி

ஆனைமலை: பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் அம்மன் மல்லாக்கப் படுத்த கோலத்தில் இருக்கிறாள். காரணம் ஒரு கொலை!

ஆற்றில் மிதந்து வந்த மாங்காயை ஒரு பெண் எடுத்துத் தின்றாள். அது மன்னன் நன்னனின் காவல் மரத்து மாங்காய். எடைக்கு எடை தங்கப் பாவையும் 81 யானைகளும் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தும் அவன் விடவில்லை. கொன்றே விட்டான். சங்கப் புலவர் பரணர் குறுந்தொகை 292-ம் பாட்டில் இதைச் சொல்கிறார். மாசாணி என்ற பெயர் மட்டும் அதில் இல்லை. அவள்தான் இவள் என்பது ஊர் நம்பிக்கை.

திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள் போலீசுக்குப் போகிறார்களோ இல்லையோ, இங்கே வந்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். நியாயம் கிடைத்ததும் எண்ணெய்க் காப்பு செய்து அம்மனைக் குளிர வைக்க வேண்டுமாம்.

குண்டம் திருவிழா சமயத்தில் ஆழியாற்றங்கரையில் நள்ளிரவு மயான பூஜை நடக்கும். மண்ணிலேயே அம்மனைப் படுத்த கோலத்தில் செய்வார்கள்.