கீழ்த்தாடைக்கு இரண்டு திருகு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பல் வேண்டாம். நாக்கும் அண்ணமும் போதும். சாத்தூர் காராச்சேவும் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும்தான் பல்லைக் கேட்கும். ராஜபாளையம் பக்கம் கட்டுப்பல் மாட்டிய பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள், புகார் பெரும்பாலும் கீழ்ப்பல் மேல்தான் இருக்கும். மேல்செட் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. கீழ்செட்டோ பேசினால் எழும்புகிறது, ஈறை உரசிப் புண்ணாக்குகிறது, கடைசியில் தம்ளர் தண்ணீரிலேயே கிடக்கிறது.

செட் செய்தவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. மேல்செட்டுக்கு அண்ணம் முழுக்க இடம் இருக்கிறது. நடுவே மெல்லிய எச்சில் படலம் நின்று அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. கீழே இருப்பது லாடம் போன்ற ஒரு குறுகிய வரப்பு. நடுவில் ஓயாத நாக்கு. அந்த வரப்பும் நிலைக்காது. பல்லைத் தாங்கத்தான் அந்த எலும்பு. பல் போனபின் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். கட்டுப்பல் அணிந்தவர்களை 25 ஆண்டு தொடர்ந்து பார்த்து ஆன்ட்யே டால்கிரன் 1972இல் வெளியிட்ட ஆய்வு, மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எலும்பு கீழ்த்தாடையில் கரைவதாகச் சொன்னது. பத்து வருஷத்துக்கு முன் சரியாகப் பொருந்திய செட் இன்று ஆடுவது இதனால்தான்.

இதற்கு வழி முயல் காலில் கிடைத்தது. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. டைட்டானியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் அரிபடாது, உடம்போடு சண்டையும் போடாது. 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு திருகுகளைப் பதித்தார் பிரோனமார்க். 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை உழைத்தன. (டைட்டானியம் நமக்குத் தூரத்துச் சரக்கு இல்லை. மணவாளக்குறிச்சிக் கருமணலில் கிடைக்கும் இல்மனைட்டு இதன் கனிமம்தான்.)

இப்போது பல்லே இல்லாத ஒருவர் கிளினிக்குக்குப் போனால், பேச்சு இரண்டு வகையைச் சுற்றித்தான் வரும்.

ஒன்று, கழற்றி மாட்டுவது. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில், கோரைப்பல் இருந்த இடத்துக்கு ஒன்றாக இரண்டு இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு. அங்கே எலும்பு கெட்டி. உதட்டுக்குப் போகும் நரம்பு சற்றுப் பின்னால்தான் வெளிவருகிறது. ஆகவே ஆபத்து குறைவு. ஈறுக்கு மேல் சிறு குமிழ் ஒன்று நிற்கும். செட்டின் அடியில் அதற்குப் பொருத்தமான கிண்ணம், கிண்ணத்துக்குள் நைலான் வளையம். விரலால் அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். ராத்திரி கழற்றிக் கழுவலாம். வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும், செலவு சின்னதுதான்.

இன்னொன்று, ஃபிக்ஸட். நான்கு முதல் ஆறு இம்பிளான்ட் வைத்துப் பல்வரிசை முழுவதையும் திருகி முடுக்கிவிடுவார்கள். போர்ச்சுகலின் பாவ்லோ மாலோ பிரபலமாக்கிய முறையில் நான்கே போதும். பின்னால் எலும்பு குறைந்திருந்தால் கடைசி இரண்டையும் சாய்த்து வைத்து நரம்பையும் சைனஸையும் தவிர்க்கிறார்கள். மெல்லுவதற்கு இதுதான் சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில் வருவது. ஆனால் கழற்ற டாக்டர்தான் வேண்டும். பல்வரிசைக்கும் ஈறுக்கும் நடுவே தினமும் நீங்களே சுத்தம் செய்தாக வேண்டும். விட்டுவிட்டால் திருகைச் சுற்றிச் சீழ் பிடித்து எலும்பு கரையும். சொந்தப் பல் என்றால் கூச்சமோ வலியோ முன்கூட்டிச் சொல்லிவிடும். இம்பிளான்டைச் சுற்றி அப்படி உணர்த்தும் நரம்பு நார்கள் கிடையாது; பல சமயம் சத்தமில்லாமலே கெட்டுப்போகும்.

2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ட் வைத்த செட்டே முதல் தேர்வாக இருக்கட்டும் என்றார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களில் பலருக்கும் அதுதான் சரி என்பேன். மேலே சாதாரண செட், கீழே இரண்டு திருகு. ‘நிரந்தரப் பல்’ என்ற சொல் காதுக்கு இனிக்கும். விரல் நடுங்குகிறவருக்கு, பிரஷ் பிடிக்க இன்னொருவர் தேவைப்படுகிறவருக்கு, கழற்றிக் கழுவ முடிவதே பெரிய வசதி. கண்ணும் கையும் தெளிவாக இருந்து, வருஷம் தவறாமல் சோதனைக்குப் போகிறவர் கையில் பணமும் இருந்தால் ஃபிக்ஸட் தாராளமாகப் போடலாம்.

‘மூன்றே நாளில் பல்’ என்ற விளம்பரத்தில் மட்டும் நிதானம் வேண்டும். சிலருக்கு உடனே பல் மாட்டுவது உண்மையிலேயே சாத்தியம்தான். ஆனால் வழக்கமான முறையில் கீழ்த்தாடை எலும்பு திருகைப் பிடிக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். மேல்தாடைக்கு ஆறு மாதம்வரை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் பீடி, சிகரெட்டை விடாதவருக்கும் திருகு பிடிக்காமலே போகலாம். எலும்பு வலுவிழப்புக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், வைத்த இம்பிளான்டின் கம்பெனி, அளவு, லாட் நம்பர் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி திருப்புளியும் வளையமும் வேறு. பத்து வருஷம் கழித்து ராஜபாளையத்திலோ மதுரையிலோ வேறொரு டாக்டர் அதைத் திறக்க வேண்டி வந்தால், அவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.