தகரப்பெட்டிக் காசைத் தேய்க்காதீர்கள்!



இன்று புத்ராஜெயா நிற்கும் மண்ணில் நேற்று பிராங் பெசார் தோட்டம் இருந்தது. 1995-க்குப் பிறகு தோட்டம் நகரமாக மாறியபோது, லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. சட்டி பானையோடு பாட்டிமாரின் தகரப்பெட்டிகளும் வந்தன.

டெங்கிலில் ஒரு பாட்டி அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்து, துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு பெரிய வெள்ளிக்காசு, இரண்டு சதுரக் காசுகள்.

"மாமியா குடுத்தது தம்பி. கறுத்துக் கெடந்துச்சுன்னு தீவாளிக்குப் புளி போட்டுத் தேச்சேன். பாருங்க, எப்படிப் பளபளங்குது! ஆனா வாங்க வந்தவரு வெறும் எடைக்குத்தான் கேக்குறாரு."

பாட்டியின் சுத்தமே காசுக்குப் பகையாகிவிட்டது!

அது 1908-ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற நாணயம். ஒரு பக்கம் கிரீடத்தோடு எட்வர்டு மன்னர். மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்கிறோமே, அந்தப் பெயருக்கு ஏற்றபடி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியில் அடித்த காசு. 1903-இல் வந்த முதல் காசின் எடை 26.95 கிராம். 1907 முதல் அதைச் சிறிதாக்கி 20.2 கிராமுக்கு இறக்கினார்கள்.

பழைய காசின் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் படியும் மெல்லிய ஏடு அது. தேய்த்தால் ஏட்டோடு மேல்தோலும் போய்விடும். மிஞ்சுவது மயிரிழைக் கீறல்கள். நமக்குப் பளபளப்பு தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவனுக்குக் கீறல் தெரியும். உடனே விலையை இறக்கிவிடுவான்.

காசின் தரத்தைப் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி உண்டா, பூஞ்சணம் உண்டா என்று பார்த்து ஒன்றாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று பிரித்த கூட்டம்தானே நாம்? காசையும் அப்படியே பாருங்கள்.

மேடான இடம்தான் முதலில் தேயும். ஆகவே மன்னரின் கன்னம், காது, கிரீடம் ஆகியவற்றைக் கவனியுங்கள். தேய்மானமே இல்லாமல், சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுற்றி ஓடினால் அது கைபடாத காசு, முதல் தரம். மேடுகள் மட்டும் லேசாக மழுங்கியிருந்தால் அடுத்த தரம். கிரீடத்தின் கோடுகள் பாதி மறைந்திருந்தால் நடுத்தரம். உருவமும் ஆண்டும் மட்டும் தெரிந்தால் கடைசித் தரம். அமெரிக்காவில் ஷெல்டன் என்பவர் 1949-இல் இதற்கு ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் வகுத்தார். இன்று உலகில் பல இடங்களிலும் அதுதான் கணக்கு. ஒரே ஆண்டுக் காசானாலும் தரத்துக்குத் தரம் விலை மலைக்கும் மடுவுக்கும்!

போலியும் நிறைய உண்டு. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளிக்காசே அல்ல. ஒட்டாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், எடை சரியா, விளிம்பு வரிகள் சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அதற்காக எல்லாப் பழங்காசும் புதையல் என்று மனக்கோட்டை கட்டவும் வேண்டாம். பாட்டியின் சதுரக் காசுகள் 1943, 1945-ஆம் ஆண்டினவை. அவற்றைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். தேய்ந்துபோனதற்குப் பெரிய விலை கிடைக்காது.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். புளி, சாம்பல், பற்பசை எதுவும் போடாதீர்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகமே வெள்ளியைக் கறுக்க வைக்கும். கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பழைய நாணயங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். விற்றே ஆகவேண்டுமென்றால் மூன்று இடத்தில் விசாரியுங்கள். வாசலுக்கு வந்து அவசரப்படுத்துகிறவனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி சொன்னார்: "போனது போச்சு தம்பி. இன்னொரு காசு தங்கச்சி வீட்ல இருக்கு. அவ தேய்க்கிறதுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள், தோழர்களே!